மேடம் வூட்டுக்காரரின் கடிகாரம்

பெட்டியின் மேல் ஒட்டியிருப்பது என்னுடைய போன் நம்பர்தான். சிவப்பு எழுத்தில், கொட்டை கொட்டையாக, அச்சகத்தில் நானே நின்று அடித்து வாங்கிவந்து ஒட்டியது. ஆனாலும் ஆரணியில் எந்தத் தறியில் பெட்டி மக்கர் பண்ணினாலும் மணி அடிப்பது என் மனைவியின் போனில். தப்பித்தவறி யாராவது என்னைக் கூப்பிட்டுவிட்டால், என் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கும். பிறகு, "மேடம் இல்லீங்களா சார்?" என்று வரும்.

இருக்கிறாள் என்று சொல்லிப் போனை அவளிடம் நீட்டுவேன். நீட்டும்போது வயிறு எரியும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, பொறாமைதான். பக்கத்து வீட்டுக்காரன் மேலோ கூடப் படித்தவன் மேலோ பொறாமைப்பட்டால், டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் புலம்பலாம். கட்டின மனைவி மேல் பொறாமைப்படுகிறவன் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேத்துப்பட்டு. எங்கள் குடும்பத்துக்கும் நெசவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் ஆரணியிலேயே பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, என்னைப் போலவே கம்ப்யூட்டர் படித்தவள்; ஊருக்கு அவள் அப்போதே 'மேடம்'தான். நான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து பட்டறை போட்டபோது, இடம் அவள் அப்பா வீட்டு முன் அறை. அன்றைக்கே ஊர் எனக்குப் பெயர் வைத்துவிட்டது. பெயர் என்றால், என் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. "மேடம் வூட்டுக்காரர்" என்றால் போதும், தபால்காரர் முதற்கொண்டு எல்லோரும் கை காட்டுவார்கள்.

பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். பட்டுப்புடவையில் மயிலும் பூவும் வர வேண்டுமானால், குறுக்கே ஓடும் ஒவ்வொரு இழைக்கும் நெடுக்கே இருக்கும் இழைகளில் எவற்றையெல்லாம் மேலே தூக்க வேண்டும் என்று தறிக்கு யாராவது சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகள் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது பல தறிகளில் எங்கள் பெட்டி சொல்கிறது. நெய்கிறவர் மிதியை மிதித்ததும், பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் டிசைனின் அடுத்த வரியைப் படித்து, அதற்குரிய காந்தங்களுக்குக் கரண்ட் கொடுக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். இழைகள் தூக்கிக்கொள்ளும், குறுக்கிழையைச் சுமந்த நாடா பாயும், மறுபடி மிதி. இந்த 'டக்' ஒரு கண் சிமிட்டும் நேரம் பிந்தினாலும் காலுக்குத் தெரிந்துவிடும். இன்னும் பிந்தினால் புடவையில் இழை தப்பிவிடும், மயிலுக்குக் கழுத்து ஒடிந்துவிடும்.

முதல் பெட்டிக்குள் இருந்த அத்தனை வரியும் நான் எழுதியது. ஆயத்தமாகக் கிடைக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் எதையும் நான் போடவில்லை. வேண்டியதை மட்டும் வைத்து நானே ஒன்று எழுதினேன். குழந்தை பிறந்து கொஞ்சம் வளர்ந்த பிறகு அவள் பட்டறைக்கு வர ஆரம்பித்தாள். முதலில் டிசைனைப் படிக்கும் பகுதியை எடுத்துக்கொண்டாள். "ஏங்க, இத மட்டும் கொஞ்சம் மாத்தட்டா?" என்றாள். மாற்று என்றேன். மாற்றியதும் டிசைன் ஏற்றும் நேரம் பாதியாகக் குறைந்தது. அடுத்து திரை. அதற்கடுத்து காந்தங்களை இயக்கும் பகுதி. ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் செய்தாள், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நன்றாகத்தான் ஆயிற்று, ஒவ்வொரு தடவையும் நான் "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். மறுத்துச் சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருந்தால் நான் இவ்வளவு வெந்திருக்க மாட்டேன்.

கடைசியில் பெட்டிக்குள் என்னுடையது என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. டைமர். பெட்டியின் கடிகாரம்.

கடிகாரம் என்றால் மணி காட்டுவது இல்லை. காந்தத்துக்குக் கரண்ட் கொடுத்தால் மட்டும் போதாது, சரியான நேரத்தில் நிறுத்தவும் வேண்டும், இல்லையென்றால் கருகிவிடும். மிதி நின்று வெகுநேரம் ஆகிவிட்டால் திரையை மங்கலாக்க வேண்டும். பாட்டரியை அவ்வப்போது எட்டிப் பார்க்க வேண்டும். இப்படி, இன்னும் இவ்வளவு நேரம் கழித்து இதைச் செய் என்று வரும் வேலைகளையெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு, வேளை வந்ததும் எழுப்பிவிடுவதுதான் டைமர். கம்ப்யூட்டரில் யாரும் அதைப் பாராட்ட மாட்டார்கள். ஆனால் மற்ற எல்லாம் அதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

நான் எழுதிய டைமர் விநாடிக்கு ஆயிரம் தடவை விழித்துக்கொள்ளும். விழித்து, வரிசையாக நிற்கும் வேலைகளைப் பார்த்து, யாருக்காவது வேளை வந்துவிட்டதா என்று கேட்கும். ஒரு வேலை வேண்டாம் என்று ஆகிவிட்டால், அதன் மேல் ஒரு கோடு போட்டு அங்கேயே நிற்க விட்டுவிடும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் இந்தக் கோடு போட்டவற்றையெல்லாம் கூட்டிப் பெருக்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அதை எழுதி முடித்த அன்று நான் எனக்கே ஒரு மசால் தோசை வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது. மற்றதெல்லாம் அவள் கைக்குப் போன பிறகு, பெட்டியில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், அது என் கடிகாரத்தால்தான் சிமிட்டுகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அவள் ஒருநாளும் டைமர் பக்கம் வரவில்லை. "இத மட்டும் கொஞ்சம்" என்று அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது அவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அதிசயமாக என் போன் அடித்தது. சமீபத்தில் பெட்டி வாங்கிய ஒரு தறிக்காரர். புதியவர் என்பதால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற ஊர் நடப்பு அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் உடனே பிரியம் வந்துவிட்டது. அவர் முடிப்பதற்குள் ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன்.

வீட்டோடு ஒட்டின தறிக்கூடம். அவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு தறி. அவர் தறிக்குழியில் காலைவிட்டு உட்கார்ந்தபடியே மிதித்துக் காட்டினார். மிதித்த பிறகு, ஒரு மூச்சு தாமதித்து 'டக்'.

"பாத்தீங்களா சார்? மிதிச்சா ஒடனே தூக்கணும் இல்ல? இது யோசிச்சிகினு உக்காந்துக்குது."

"எப்ப இருந்து இப்படி?"

"அது எப்பவும் இப்படி இல்ல சார். அமாவாச முடிஞ்சா குதிர மாரி போவுது. பௌர்ணமி தாண்டிச்சின்னா மந்தம். தேய்பிற முச்சூடும் ஒரே பேஜாரு. அடுத்த அமாவாச கழிஞ்சா திரும்பவும் ஜல்தியா போவுது."

பக்கத்துத் தறியிலிருந்து அவர் மனைவி, "நெலாவுக்கும் பொட்டிக்கும் இன்னாமோ கீதுங்க சார்" என்றார்.

நான் சிரித்தேன். ஊரில் பெட்டி வைத்திருக்கிற வேறு யாரும் இப்படிச் சொன்னதில்லை. அதனால் கோளாறு பெட்டியில் இருக்க முடியாது, இந்த வீட்டுக் கரண்டில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். வோல்டேஜ் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு ஸ்டெபிலைசர் போடச் சொல்லிவிட்டு வந்தேன். போட்டார். அடுத்த தேய்பிறையில் மறுபடி கூப்பிட்டார். ஸ்டெபிலைசரும் சேர்ந்து யோசிக்கிறது என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த நல்ல எண்ணம் தோன்றியது. பெட்டிக்குள் இருப்பதெல்லாம் யாருடையது? அவளுடையது. அப்படியென்றால் தப்பு யாருடையதாக இருக்கும்? இதை நினைத்த மாத்திரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! சாப்பாடு ருசித்தது. அவள் வைத்த ரசத்தை வாய் நிறையப் புகழ்ந்தேன். இரண்டாவது தடவை கேட்டு ஊற்றிக்கொண்டேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். திரைக்கு அவள் எழுதிய பகுதியில்தான் தப்பு இருக்கும், அது கொஞ்சம் ஆடம்பரம் என்று நான் அப்போதே நினைத்தேன், கையும் களவுமாகப் பிடித்து, "இத மட்டும் கொஞ்சம் மாத்தட்டா?" என்று நான் கேட்க வேண்டும், கேட்கும்போது குரல் ரொம்பச் சாதாரணமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

பட்டறையில் வைத்துப் பார்த்தால் பெட்டி குதிரைதான். ஒரு குறையும் தெரியவில்லை. ஏனென்றால் பட்டறையில் நாங்கள் சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் போவோம். தறிக்காரர்கள் அணைப்பதில்லை. அணைத்தால் எந்த வரியில் நின்றோம் என்பது பெட்டிக்கு மறந்துபோகும், மறுபடி தேடி நிறுத்துவது தலைவேதனை. கரண்ட் போனாலும் தாங்கட்டும் என்று பாட்டரி வைத்ததும் அதற்காகத்தான். எனக்குத் தெரிந்து அவர்கள் பெட்டியை அணைப்பது ஒரே நாள், அமாவாசையன்று. அன்று தறிக்கு லீவு. தறியைத் துடைத்துக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள், பெட்டியையும் அணைத்து அதற்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். அந்த ஒருநாள் ஓய்வுக்காக மட்டும், நின்ற வரியை மறக்காமல் சாக்பீசால் தறிக்காலில் எழுதிவைத்துக்கொள்வார்கள்.

அமாவாசைக்கு முந்தின நாள் நான் அந்த வீட்டுக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை அணைக்காமல் அப்படியே கழற்றிக்கொண்டு வந்தேன். பாட்டரியில் உயிரோடு, விளக்கு சிமிட்டச் சிமிட்ட, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு மார்க்கெட் தெரு வழியாக வந்தேன். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர், "இன்னா சார், மேடம் ரிப்பேருக்கு எடுத்தாரச் சொன்னாங்களா?" என்று கேட்டார். நான் ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன்.

அவள் அன்று கலசப்பாக்கத்தில் இரண்டு தறிக்குப் பெட்டி மாட்டப் போயிருந்தாள். எனக்கு வசதியாகப் போயிற்று. ஒவ்வொரு மிதிக்கும் பெட்டிக்குள் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அளந்து பார்க்க ஏற்பாடு செய்தேன். திரை, அவளுடையது: ஒன்றுமில்லை. டிசைன் படிப்பது, அவளுடையது: ஒன்றுமில்லை. காந்தம், அதுவும் அவளுடையது: ஒன்றுமில்லை. மிச்ச நேரம் மொத்தத்தையும் தின்றுகொண்டிருந்தது டைமர்.

நான் முதலில் செய்த வேலை, வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்ததுதான்.

பிறகு உட்கார்ந்து வரிசையைப் பிரித்துப் பார்த்தேன். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் போடும் அன்று, ஆட்கள் வரிசையில் பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் திரையை மங்கலாக்கும் வேலை ஒன்று புதிதாக வந்து வரிசையில் நிற்கிறது. அடுத்த மிதி வந்ததும் அது வேண்டாம் என்று கோடு போடப்படுகிறது. ஆனால் இடத்தை விட்டுப் போவதில்லை. வேலை போய்விட்டது, பை நிற்கிறது. என் கடிகாரம் விழித்துக்கொள்ளும்போதெல்லாம் அத்தனை பைகளிடமும் போய் "உனக்கு வேளை வந்ததா?" என்று கேட்டுக்கொண்டு நடக்கிறது. மெமரியை நான் தாராளமாக வாங்கிப் போட்டிருந்ததால், இடம் நிறைந்து பெட்டி நின்றுபோகவும் இல்லை. வரிசை நீண்டுகொண்டே போயிற்று. பாதி மாதத்தில் நடை தளர்ந்தது. அமாவாசையன்று அணைத்ததும் பைகள் எல்லாம் காணாமல் போய், மறுநாள் மறுபடி குதிரை.

சும்மா இருக்கும் நேரத்தில் பெருக்கிக்கொள்ளும் என்று எழுதியிருந்தேனே, அது என்ன ஆயிற்று? அது ஒருநாளும் ஓடவில்லை. விநாடிக்கு ஆயிரம் தடவை விழித்துக்கொள்ளும் ஒரு பெட்டி, தான் சும்மா இருக்கிறோம் என்று எப்போது நம்பும்? நெய்கிறவர் தூங்கும்போதும் அது எழுந்து எழுந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லாததைத் தேடி விழிப்பதிலேயே பாட்டரி கரைந்தது, பெட்டி சுட்டது, காந்தங்கள் காத்துக்கொண்டு நின்றன.

பெட்டியை அமாவாசையன்றே திருப்பி மாட்டிவிட்டு வந்தேன். அவளுக்குத் தெரிவதற்குள் இதை நானே சரிசெய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். கோடு போட்டதை அப்போதே எடுத்துவிட்டால் முடிந்தது என்று எழுதினேன். பட்டறைப் பெட்டி சிலையாக நின்றுவிட்டது. கடிகாரம் வரிசையில் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் ஒருவரைப் பிடித்து இழுத்தால் அது எங்கே போகும்? அதைத் தடுக்க ஒன்று எழுதினேன், வேறொன்று உடைந்தது. இரண்டு வாரம் அவள் வீட்டுக்குள் போகும் நேரம் பார்த்துப் பார்த்து, கள்ளத்தனமாக நான் எழுதியதையே திருத்திக்கொண்டிருந்தேன். ஒருவழியாக நிற்காமல் ஓடிய ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தத் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். அன்று பௌர்ணமி என்பது எனக்கு நினைவே இல்லை.

போனால், இரண்டு தறியும் நின்றிருந்தன. பெட்டிகளில் விளக்கு இல்லை. இரண்டின் மேலும் புதுக் குங்குமம். அந்த அம்மா தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திப் பெட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அமாவாசை இல்லையே?" என்றேன்.

"பௌர்ணமி சார்" என்றார் தறிக்காரர், எனக்கு ஏதோ ஆகிவிட்டது போல. "பொட்டி மந்தமா கீதுன்னு மேடத்துக்குப் போன் போட்டேன். அவங்கதான் சொன்னாங்க. பௌர்ணமியன்னிக்கும் ஒரு தபா அணச்சி, ஒரு பொட்டு வெச்சி, அப்பால போடுங்கன்னாங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்களாமே? எங்களுக்குத்தான் தெரியாம பூட்ச்சி. இனிமே ஒண்ணும் பேஜார் இருக்காதுன்னு சொல்லிக்கீறாங்க."

ஊரில் எல்லோரும்! எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற யாரும் ஏன் புகார் சொல்லவில்லை என்பதும் சேர்ந்து உறைத்தது. நான் கொண்டுபோனதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஸ்கூட்டரைத் திருப்பினேன். வழி நெடுக எனக்கு ஆத்திரம். கம்ப்யூட்டர் படித்தவள், நிலாவைக் காட்டி ஊரை ஏமாற்றியிருக்கிறாள். நாலு பேர் கேட்டால் என்ன நினைப்பார்கள்! இந்த ஒரு விஷயத்திலாவது நான் அவளைவிட உயர்ந்த இடத்தில் நின்று பேசலாம் என்ற அவசரமும் அந்த ஆத்திரத்துக்குள் இருந்தது.

அவள் பட்டறையில் உட்கார்ந்து ஒரு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டிக்குக் கற்பூரம் காட்டச் சொன்னியா?"

"காட்டச் சொல்லல. அணைக்கச் சொன்னேன். கற்பூரம் அவங்களா காட்டிக்கிறாங்க."

"படிச்சவதானே நீ? மாசத்துக்கு ரெண்டு தடவை அணைங்கன்னு சொல்லிட்டுப் போறது. அதுல நிலா எதுக்கு வருது?"

"மாசத்துக்கு ரெண்டு தபான்னா எவன் நெனவு வெச்சிகினு அணைப்பான்? பௌர்ணமின்னா மறக்க மாட்டாங்க. அதுவும் இல்லாம..." என்று நிறுத்தினாள். பற்றவைக்கும் கம்பியை அதன் தாங்கியில் வைத்தாள். "ஏன் அணைக்கணும்னு கேப்பாங்க. கேட்டா இன்னான்னு சொல்லட்டும்? எங்க வூட்டுக்காரர் எழுதினது சரியில்லன்னு சொல்லட்டுமா?"

நான் பக்கத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன ஆடியிலயே. மாத்தி எழுதியும் வெச்சிட்டேன். நீங்க எப்பவாவது பாத்துட்டு, மாத்துன்னு சொன்னா போடலாம்னு வெச்சிகினு இருந்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல? மத்தது எல்லாத்துக்கும் கேட்டியே."

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அது ஒண்ணுதானங்க உங்களுது மிச்சம் இருந்தது."

இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் முறை. எனக்கு வந்தது வேறு. ஒரு வருஷமாக என் தப்பை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதற்கு மருந்தும் கண்டுபிடித்து, அந்த மருந்தை ஊர் மறக்காதபடி நிலாவில் கட்டிவைத்து, போதாததற்கு என் மனசையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொறுமையில்கூட என்னை ஜெயித்துவிட்டாளே என்று எரிந்தது. நான் எழுதியது அவளிடம் போகும் என்று பயந்துகொண்டிருந்தேன், என் தப்பே எப்போதோ அவளிடம் போயிருக்கிறது.

"காட்டு, பார்க்கலாம்" என்றேன், ஏதோ பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி.

அவள் எழுதியதில் ஒற்றை வரிசை கிடையாது. ஆரணி பஸ் ஸ்டாண்டு போலத்தான். வேலூருக்குப் போகிறவர்கள் வேலூர் பஸ் நிற்கும் இடத்தில், போளூருக்குப் போகிறவர்கள் போளூர் பஸ் நிற்கும் இடத்தில். வேளை எப்போதோ, அந்த வேளைக்கு உரிய இடத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு பஸ் வந்தால் அந்த இடத்தில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் போதும், ஸ்டாண்டு முழுவதும் நடக்க வேண்டாம். பயணம் வேண்டாம் என்றவர் அப்போதே எழுந்து போய்விடலாம், பையையும் எடுத்துக்கொண்டு. அதோடு அவளுடைய கடிகாரம் விநாடிக்கு ஆயிரம் தடவை விழிப்பதில்லை. அடுத்த வேலை எப்போது என்று பார்த்து, அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும். மிதி மிதித்தால் அதுவே தட்டி எழுப்பும்.

மூன்று நாள் அதில் குற்றம் தேடினேன். வேறு எந்த வேலையும் செய்யவில்லை. வேகமாக மிதித்துப் பார்த்தேன், ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் வேலைகளைக் கொட்டிப் பார்த்தேன், நடுவில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். பெட்டி சூடாகக்கூட இல்லை. பாட்டரி முன்பு தாங்கியதைப் போல இரண்டு மடங்கு தாங்கியது. திரை சட்டென்று மாறியது, டிசைன் சட்டென்று ஏறியது. டைமரை மட்டும்தான் மாற்றியிருந்தோம், பெட்டி முழுக்கப் புதிதாக வாங்கினது போல் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு குறிப்பில் எழுத்துப் பிழை ஒன்று அகப்பட்டது. அதைத் திருத்தினேன். "இப்ப சரியா இருக்கு" என்றேன். அவள் "ம்" என்றாள், சிரிக்காமல். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளில் அதை ஏற்றியது நான். அவள் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். என் கடிகாரத்தை நானே எடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. ஒவ்வொரு வீட்டிலும், "இனிமேல் பௌர்ணமிக்கு அணைக்கத் தேவையில்லை" என்று சொன்னேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அதற்கடுத்த பௌர்ணமி சாயங்காலம் ஒரு வேலையாக அந்தத் தெருக்களில் போனேன். ஒரு தறிச் சத்தம் இல்லை. வரிசையாக எல்லா வீட்டிலிருந்தும் கற்பூர வாசனை.

அந்தத் தறிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே பெட்டி அணைந்திருந்தது, பொட்டு புதிதாக இருந்தது.

"சொன்னேனே அண்ணா, அணைக்க வேணாம்னு."

"இருக்கட்டும் சார். மேடம் ஆரம்பிச்சி வெச்ச வழக்கம். வுட்டுட மனசு வரல. ரெண்டு அமாவாச வந்த மாரி ஆச்சு, எங்களுக்கும் இடுப்புக்கு ஒரு நாள் ஓய்வு. மேடத்துக்குத்தான் புண்ணியம்."

பெட்டிக்குள் என் வரி ஒன்றுகூட இல்லை. ஊரில் என்னால் நிலைத்தது என்று சொல்ல இருப்பது இந்த ஒரு லீவு நாள். அதுவும் அவள் கணக்கில் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தேனோ, அதை நானே வாயைத் திறந்து கொட்டிவிட்டேன்.

"அது மேடம் ஆரம்பிச்சது இல்லண்ணா. என்னால வந்தது. பெட்டியில நான் எழுதின டைமர்ல தப்பு இருந்தது. அதனாலதான் மந்தமாச்சு. அதனாலதான் அணைக்க வேண்டி இருந்தது. நிலாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது."

 அவர் முகம் மலர்ந்து, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"கேட்டியா? மேடம் பண்ண தப்ப சார் தாம் மேல போட்டுக்கறாரு. பொண்டாட்டிய வுட்டுக் குடுக்காத ஆம்பள எங்க கீறான் இந்தக் காலத்துல!" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம் சார். மேடத்துக்குத் தப்பு வராதா? அவங்களும் மனுசிதான? நீங்க ரொம்ப நல்லவரு சார்."

அந்த அம்மா கற்பூரத் தட்டை நீட்டினார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.